இடக்கைக்கு இல்லாத சுரம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் மாடியில் கிளாரினெட் ஆரம்பிக்கும். பாட்டு அல்ல. கருவியின் அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் ஒன்றையும் விடாமல், அரை அரைச் சுரமாக மேலே ஏறும். உச்சியைத் தொட்டதும் வந்த வழியே இறங்கும். குரோமேட்டிக் பயிற்சி என்று அதற்குப் பெயர். வாசிப்பவருக்கு அது சாதகம். கேட்பவருக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. பக்கத்து லாண்டரிக்காரர் ஒருமுறை என்னிடம், "உங்க தங்கச்சி அந்தப் படிக்கட்ட எப்பத்தான் கழுவி முடிப்பாங்க?" என்று கேட்டார். அவள் கழுவி வைப்பதால்தான் சாயங்காலம் மற்றவர்கள் வழுக்கி விழாமல் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, துணிமூட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் தங்கை நகர நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் முதல் கிளாரினெட். மேடைக்கு முன்னால், தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய நீளமான பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். குழி என்றுதான் அதைச் சொல்வது. எங்கள் அப்பா அதே குழியில் முரசு வாசித்தவர். விலா எலும்பு விண்டுபோன நிலையில் ஒரு நாடகப் பருவம் முழுக்க வாசித்தார். பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது, எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அவர் போன பிறகு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

இப்போது நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாடி தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும். கீழ்ப்பகுதி எனக்கு. மாப்பிள்ளை டவுன் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் டிப்போவுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். தங்கைக்கு வேலையே சாயங்காலம்தான். நான் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு சமையலைக் கற்றுக்கொண்டேன். மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது அந்த ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். ஆகவே அதை நான் ஒழுங்காகச் செய்வேன். சூப் ஆறியிருக்காது, ரொட்டி காய்ந்திருக்காது.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, மாடியில் ஏறிக்கொண்டிருந்த சுரங்கள் ஓர் இடத்தில் தடுக்கின. ஏறும்போதும் அங்கேதான், இறங்கும்போதும் அங்கேதான். நான் வாத்தியக்காரன் இல்லை என்றாலும் முரசுக்காரரின் மகன். எங்கே இடறுகிறது என்று காதுக்குத் தெரியும். முதலில் ஈரக்காற்றில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு சீவாளியாக இருக்கும் என்று நினைத்தேன். அவளும் சீவாளி மேல் சீவாளியாக மாற்றிக்கொண்டிருந்தாள். குப்பைக்கூடையில் மெல்லிய நாணல் துண்டுகள் சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் வலது சுண்டுவிரலை இடது கையால் நீவிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

சொன்னாள். அந்த விரல் எல்லா வேலைக்கும் ஒத்துழைக்கிறது. சட்டைக்குப் பொத்தான் போடுகிறது, ஊசியில் நூல் கோர்க்கிறது, டம்ளர் பிடிக்கிறது. கிளாரினெட்டின் மேல் வைத்து வேகமாக வாசித்தால் மட்டும், தொட்ட நத்தை மாதிரி தானாக உள்ளே சுருண்டுகொள்கிறது. வலி கிடையாது. வலித்தாலாவது மருந்து போடலாம் என்றாள். டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்தார், விரலை இழுத்துப் பார்த்தார், எலும்பிலும் ஒன்றுமில்லை நரம்பிலும் ஒன்றுமில்லை என்று சொல்லி ஓய்வெடுக்கச் சொன்னார். விடுப்புப் போட்டு ஓய்வெடுத்தாள். கருவியைத் திரும்ப எடுத்த அன்றே விரல் பழையபடி சுருண்டது.

மாப்பிள்ளை அவள் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்துப் பேர் வேலை பாக்குற எடத்துல ஒருத்தன் மட்டும் ஸ்ட்ரைக் பண்றான். எங்க டிப்போல இது வாராவாரம் நடக்குது. கூப்பிட்டு வெச்சுப் பேசிப் பாரு" என்றார்.

தங்கை சிரித்தாள். அந்த மழைக்காலத்தில் அந்தச் சமையலறையில் அவள் சிரித்தது அதுதான்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று அன்றைக்கே முடிவானது. அவளும் அதைத்தான் சொன்னாள், நானும் அதைத்தான் சொன்னேன். குழியில் ஒருவருக்கு விரல் சரியில்லை என்று தெரிந்துவிட்டால், அன்றிலிருந்து எல்லாருடைய கண்ணும் அந்த விரலின் மேல் இருக்கும். வாசிப்பைக் கேட்க ஒரு காதுகூட மிஞ்சாது. நன்றாக வாசித்த நாளிலும், பாவம், சமாளித்துவிட்டாள் என்பார்கள். எங்கள் வீட்டு ஆட்களை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

கிளாரினெட்டின் அடிப்பகுதியில் இரண்டு சுண்டுவிரல்களுக்கும் வேலை இருக்கிறது. கடைசி மூன்று சுரங்களுக்கு வலது பக்கம், விரலால் அழுத்துகிற மூன்று கீ. அதே மூன்று சுரங்களுக்கு இடது பக்கமும் மூன்று கீ. ஒரு சுரத்தை வலது விரலால் எடுத்தால் அடுத்ததை இடது விரலால் எடுக்கலாம், அதற்கடுத்ததை மறுபடி வலதால் எடுக்கலாம். நடக்கும் கால்களைப் போல மாறி மாறி. பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்தின் தலைமேலும் பென்சிலால் 'வ' என்றும் 'இ' என்றும் போட்டு வைத்திருப்பாள். இப்போது உட்கார்ந்து அந்த 'வ' எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தாள். வலது விரல் செய்த வேலை முழுவதையும் இடது விரலுக்கு மாற்றப்போகிறாளாம். ரப்பர்த் துகள் மாடிப்படியில் உதிர்ந்து கிடந்தது. நான்தான் பெருக்கினேன்.

"ரெண்டு பக்கமும் பிரேக் வெச்ச வண்டி" என்றார் மாப்பிள்ளை. "அப்ப என்ன கவலை?"

கவலை இருந்தது. ஒரே விரல் மூன்று கீக்கும் போக வேண்டுமென்றால் தூக்கி வைக்க நேரம் கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விரல் காய்ந்திருந்தால் கீயில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக வாசிப்பதற்கு முன் சுண்டுவிரலை மூக்கோரத்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வாள். மிக மெதுவாக, கடிகாரம் அடிப்பதுபோல ஒவ்வொரு சுரமாக, ஈ, எஃப், எஃப் ஷார்ப் என்று வழுக்கி ஏறுவாள். சுரங்களுக்கு நடுவே வேண்டாத சத்தம் ஒன்று மூக்கை நீட்டும். நிறுத்துவாள். திரும்ப ஈ. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை கூடத்தில் படுத்துத் தூங்குவார். நான் கீழே உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டு, இந்தத் தடவை வழுக்கியது சுத்தமாக வந்ததா என்று காது கொடுத்திருப்பேன்.

ஒற்றைக் காலில் மாடியேறுகிற மாதிரியான அந்தக் கஷ்டத்தை அவள் ஜெயித்துவிட்டாள். மழை பாதியைத் தாண்டுவதற்குள் இடது விரல் மூன்று கீயிலும் எலி ஓடுவதுபோல ஓடியது. ஜெயிக்க முடியாதது வேறொன்று. வலது பக்கம் நாலாவதாக, இன்னொரு சுரத்துக்கு, ஒரு கீ இருக்கிறது. ஈ ஃப்ளாட். அதற்கு மட்டும் இடது பக்கத்தில் ஜோடி கிடையாது. அந்தச் சுரம் வரும்போது மற்ற விரல்களெல்லாம் துளைகளை மூடிக்கொண்டு நிற்கும், வலது கட்டைவிரல் கருவியையே தாங்கிக்கொண்டு நிற்கும். காலியாக இருப்பது இடது சுண்டுவிரல் ஒன்றுதான். அது நிற்கிற பக்கத்தில் அந்தக் கீ இல்லை.

மெதுவான பாட்டு என்றால் கையையே லேசாகத் தூக்கி வலது விரலை முன்கூட்டியே அந்தக் கீயின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுவாள். அது சுருள்வதற்குள் சுரம் முடிந்திருக்கும். வேகமான ஓட்டத்தில் அதற்கு வழியில்லை. அந்தச் சுரத்தை விட்டுவிடத் தொடங்கினாள். விரல்கள் ஓடும், மூச்சு மட்டும் அந்த ஓர் இடத்தில் நிற்கும், அடுத்த சுரத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். குழியில் பித்தளை வாத்தியங்கள் பின்னாலிருந்து முழங்கும்போது ஒரு சுரம் இல்லாமல் போனது யாருக்குத் தெரியப்போகிறது?

"இடது பக்கமும் அந்தக் கீ இருக்கற கிளாரினெட் உலகத்துலயே இல்லையா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

இருக்கிறது என்றாள். புதிதாக வாங்கக்கூட வேண்டாம், திருகாணி என்று எல்லாரும் கூப்பிடுகிற வாத்தியப் பழுதுக்காரரிடம் கொடுத்தால் இருக்கிற கருவியிலேயே ஒரு நெம்புகோல் வைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் திருகாணியின் கடைதான் குழி ஆட்கள் டீ குடிக்கிற இடம். "அங்க குடுத்தா அன்னைக்கே ஊருக்குத் தெரியும். புதுசா ஒரு கீ எதுக்குன்னு முதல்ல குருவிதான் கேப்பா" என்றாள். கருவியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

குருவி என்பவள் இரண்டாவது கிளாரினெட். சின்ன உடம்பு, கீச்சுக்குரல், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. தங்கையும் அவளும் ஒரே வருஷத்தில் குழுவில் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒத்திகைக்கு முன்பு அரங்கின் பின்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சீவாளி சீவுவார்கள். ஆட்டம் முடிந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஒருத்தி சளி பிடித்துப் படுத்தால் மற்றவளுக்குப் பேச ஆள் இருக்காது. குருவிக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தை குட்டியும் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படிதான் அவளுக்கு அரட்டைக்கூடம்.

தங்கை அவளைத்தான் முதலில் விலக்கினாள். வேறு வழி இல்லை. கையருகே உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் கை தெரியும். பின்கட்டுக்கு நேரம் தாழ்ந்து போனாள், அங்கே டீ குடிப்பதை விட்டாள், ஆட்டம் முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பி வேறு வழியாகச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் எங்கள் தெருவுக்கு வராது. மழையில் தபால் ஆபீஸ் முனையிலிருந்து நடந்து வருவாள். குருவி கேட்டதற்குத் தலைவலி என்றாளாம். பிறகு கேட்டதற்கு மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாளாம். மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "என்ன வியாதின்னு எனக்கும் சொல்லி வெச்சுடு, வழியில பாத்துக் கேட்டா உளறிடுவேன்" என்றார்.

ஒரு மத்தியானம் குருவி வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல மழை. கதவைத் திறந்தால் குடையோடு நிற்கிறாள், கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். தங்கை யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"அவ தூங்குறாம்மா" என்றேன்.

மாடியில் கிளாரினெட் ஏறிக்கொண்டிருந்தது. குருவி குடையை மடக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்து நின்று கேட்டாள். சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து, அந்த இடத்தில் ஒரு மூச்சைக் காலியாக விட்டு, மேலே போயின.

"தூக்கத்துலகூட நல்லாத்தான் ஊதுறா, அண்ணா" என்றாள். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அதில் வெண்ணெய் போட்டுச் சுட்ட ரொட்டி இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. அன்றைக்கு நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வீட்டில் இருப்பவள் வேண்டாம் என்றால், வாசலில் நிற்பவனுக்கு இருக்கிற வேலை அது ஒன்றுதான். ரொட்டியைத் தங்கையின் தட்டில் வைத்தேன். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. எந்தக் கடை ரொட்டி என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மழையிலேயே, குழுவை முன்னால் நின்று நடத்தப் புது கண்டக்டர் வந்தார். வயதில் தங்கையை விடச் சின்னவர். வந்த கையோடு, அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்கப்போவதாகச் சொன்னார். கேட்பது பெரிய உருப்படி ஒன்றுமில்லை. மாணவர்கள் வாசிக்கிற குரோமேட்டிக் பயிற்சிகளிலிருந்து ஒன்று. யாருக்கு எந்த நாற்காலி என்பது அதற்குப் பிறகுதான். தலை நரைத்தவனைக் கூப்பிட்டு உயிரெழுத்துச் சொல்லச் சொல்கிறான் என்று டிராம்போன்காரர் குதித்தாராம்.

மாப்பிள்ளை இதையும் தன் பாணியில் எடுத்துக்கொண்டார். "எங்க கண்டக்டர் விசில் ஊதுவான், நாங்க வண்டி எடுப்போம். உங்காளு குச்சி ஆட்டுறாரு, நீங்க ஊதறீங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒன்னு, வண்டி ஓட்டத் தெரியாது."

தங்கைக்கு அந்தப் புது மனிதரைப் பற்றி ஒரு தைரியம் பிறந்திருந்தது. ஒத்திகையில் ஒருநாள் மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு இரண்டு கிளாரினெட்டுகளை மட்டும் ஒரு வேகமான ஓட்டத்தை வாசிக்கச் சொன்னாராம். அந்த ஓட்டத்தில் ஈ ஃப்ளாட் இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் இவள் விட்டுவிட்டாள். அவரோ தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். "காது அவ்வளவு கூர்மையில்லண்ணா. ஆள் பேச்சுதான் பெருசா இருக்கு" என்றாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நாற்காலியில் அவள் இன்னும் பல வருஷம் உட்காரலாம் என்று நினைத்தேன்.

ஆனாலும் அவள் பயிற்சியை விடவில்லை. முன்னைவிட அதிகமாக்கினாள். காலையிலும் வாசித்தாள். ஒத்திகை இல்லாத நாள்களில் நாள் முழுக்க வாசித்தாள். சாப்பிட வந்தால் பேசமாட்டாள். மேஜை ஓரத்தில் இடது சுண்டுவிரல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை டிப்போ கதை ஏதாவது சொல்லிப் பார்ப்பார். பாதியில் அவரே நிறுத்திக்கொண்டு ரொட்டியைப் பிய்ப்பார். ஒருநாள் அவள் மேலே போன பிறகு என்னிடம், "மச்சான், ஒரே வீட்டுல இருக்கேன், அவளப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றார். வாசிப்பவர்கள் அப்படித்தான், அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்று சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். மாப்பிள்ளை தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

தனியாகக் கேட்கும் நாள் வந்தது. மழை ஓய்ந்து, தெருவெல்லாம் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்த காலை. மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். நான் போகவில்லை. சூப் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். நடந்ததை அவள் திரும்பி வந்து இந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சொன்னாள். ஆகவே அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒத்திகைக் கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்டு. கண்டக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். இவள் வாசித்தாள். இடது விரல் அற்புதமாக ஓடியது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்ததாம். ஆனால் ஆள் இல்லாத கூடம். பித்தளை கிடையாது, முரசு கிடையாது. ஈ ஃப்ளாட் வரும் ஒவ்வோர் இடத்திலும் பல் விழுந்த வாயைப் போல ஓட்டை தெரிந்தது. பக்கத்தின் நடுவிலேயே அவர் கையைத் தூக்கினார். மெதுவாக வாசிக்கச் சொன்னார். மெதுவாக வாசித்தபோது எல்லாச் சுரமும் வந்தது. மறுபடி வேகமாக வாசிக்கச் சொன்னார். மறுபடி ஓட்டை.

அவர் ஜன்னலை விட்டுக் கிட்டே வந்தாராம். கோபமெல்லாம் இல்லை. குழப்பம்தான்.

"மேடம், ஒத்திகையில இப்படி இல்லையே. ரெண்டு கிளாரினெட்டையும் தனியா வாசிக்கச் சொன்னேன்ல? இந்தச் சுரம் ரெண்டு தடவையும் அவ்வளவு சுத்தமா வந்துச்சு. நான் குறிச்சுக்கூட வெச்சுக்கிட்டேன். அது நீங்கதானே?"

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் விட்ட சுரம் அங்கே ஒலித்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும், ஒவ்வோர் ஓட்டத்திலும், அந்த ஓரிடத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சுரம் வந்து விழுந்திருக்கிறது. இரண்டாவது கிளாரினெட்டுக்கு எழுதியிருப்பதைத்தான் குருவி வாசிக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் வரியை ஒரு கணம் விட்டுவிட்டு, இவளுடைய பள்ளத்தை மூடிவிட்டு, சட்டென்று தன் வரிக்குத் திரும்பியிருக்கிறாள். கண்டக்டரின் காதில் குறையே இல்லை.

"ஒருவேளை இன்னைக்கு சீவாளி சரியில்லையோ?" என்றும் அவரே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறொரு நாள் வரச் சொல்லியிருப்பார்.

"சீவாளி நல்லாத்தான் இருக்கு. அது நான் இல்லைங்க" என்றாளாம் தங்கை.

"பின்ன யாரு?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவ."

பிறகு விரலைப் பற்றியும் சொல்லிவிட்டு, கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள்.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வாசற்படியில் நின்றபடி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தது தெரிந்தது.

"நீ சொன்னது சரி" என்றேன். "அவ ஊதினத நம்ம பேர்ல வெச்சுக்க முடியாது."

"நாற்காலி போச்சுண்ணா."

"போகட்டும். சாப்பிடு."

நாற்காலி போகத்தான் செய்தது. குழுவை விட்டுப் போகச் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒழுங்காகவே நடந்துகொண்டார். இடது பக்கம் கீ வைத்துக்கொண்டு, அது கைக்குப் பழகும்வரை இரண்டாவது நாற்காலியில் இருக்கச் சொன்னார். முதல் நாற்காலி குருவிக்கு. தங்கை அந்த வாரமே கருவியைத் திருகாணியின் கடைக்குப் பட்டப்பகலில் எடுத்துப் போனாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்களாம். திருகாணி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளி பூசிய சின்ன நெம்புகோலாக ஒன்றைச் செருகிக் கொடுத்தார். பார்த்தால் பிறக்கும்போதே இருந்த உறுப்பைப் போல இருந்தது. ஆனால் மூன்று வீட்டுக்கு ஓடிப் பழகிய விரல் நாலாவது வீட்டைத் தேடித் தடுமாறியது. மாடியில் மறுபடி ஈயிலிருந்து ஆரம்பித்தாள்.

குருவி வந்தது அதற்குப் பிறகுதான். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "தூங்கலையே?" என்றாள்.

"மேல இருக்கா. போம்மா" என்றேன்.

அவள் மேலே போகவில்லை. சத்தம் கேட்டுத் தங்கையே பாதிப்படி இறங்கி வந்து நின்றாள். குருவி கீழ்ப்படியில் நின்றாள். நான் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மெல்லிய கதவு அது.

"எப்பலேர்ந்து?" என்று குருவி கேட்டாள்.

"மழைக்கு முன்னாடியிருந்து."

"எனக்கு அப்பவே தெரியும். ரெண்டாவது ஆட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு. பஸ்ஸ மாத்துன. டீய விட்ட. நான் அங்க தனியா உக்காந்து சீவாளி சீவிட்டு, உள்ள வந்து உன் சுரத்த ஊதிட்டு, தனியா வீட்டுக்குப் போனேன். எத்தன தடவ என் வரியில தப்பு விட்டேன் தெரியுமா, உன்னுதுக்குத் தாவிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள?"

குருவியே தொடர்ந்தாள்.

"முதல் நாற்காலி வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் கேக்கல. உன் எடத்துல உக்கார ஆசைப்பட்டேன்னு மட்டும் நினைச்சுடாத."

"நினைக்கல."

"வெரல காட்டு."

 பிறகு மாடிப்படி இரண்டு தரம் முனகியது. மேலே ஏறும் காலின் முனகல்; தங்கை விரலைக் காட்டவில்லை. குருவி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வந்தபோது, கீழ்ப்படியில் காகிதப் பொட்டலம் ஒன்றும் இல்லை.

பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு நான் போனேன். தங்கையிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு அந்த அரங்குக்குள் நான் கால் வைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பால்கனியில், கைப்பிடியை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மேடையைப் பார்க்க அது மோசமான இடம். குழியைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. குனியாமல், நிமிர்ந்தே உட்கார்ந்து பார்க்கலாம்.

ஸ்டாண்டுகளில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து சுருதி சரிபார்த்தார்கள். குருவி வந்தாள், முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்துத் தங்கை வந்தாள். வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் கடந்து அடுத்ததில் போய் உட்கார வேண்டியிருந்தது. குருவி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். இரண்டு பேரும் முன்னால் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓபோ என்கிற குழலை ஊதும் பெண் நீளமாக ஒரு சுரத்தைக் கொடுத்தாள். எல்லாரும் அதைப் பிடித்தார்கள். சத்தம் அடங்கியது.

தங்கை ஏதோ சொன்னாள். அவ்வளவு உயரத்துக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. குருவி திரும்பினாள். தங்கை கிளாரினெட்டை மடியில் கிடத்திவிட்டு, வலது கையை விரித்து ஸ்டாண்டு விளக்கின் நேர் கீழே நீட்டினாள். குருவி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து டிராம்போன்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். ஓபோக்காரப் பெண்ணும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு குனிந்தாள். தங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர், தெரியாத மனிதர், கைப்பிடியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ எல்லாரும் கூடி என்னத்தப் பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி விரல" என்றேன்.